பம்பைக்குப் பின்னால் மிஷின் நடக்கட்டும்

எலவனாசூர்கோட்டை,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பென்டிரைவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அண்ணிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். உளுந்து பிடுங்கியாகிவிட்டது. உன் சித்தி அப்பளத்துக்கென்று தனியாக ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறாள், அதில் பாதி உனக்குத்தான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைத் திருவிழா சமயத்தில் வந்து நம் பக்கத்துப் பம்பைக்காரர்களை ரெக்கார்டு செய்ய வேண்டும், அதைச் சென்னைக்கு எடுத்துப்போய் உன் எலக்ட்ரானிக் பாட்டில் சேர்க்க வேண்டும், ஆட்களைப் பேசிக் கொடுங்கள் சித்தப்பா என்று எழுதியிருக்கிறாய். பேசிக் கொடுக்கிறேன். ஆனால் நீ எழுதியிருக்கிற முறையில் வேண்டாம் கண்ணு. ஒரு சாயங்காலம் வாசிக்கச் சொல்லி, அதில் நல்லதாக ஒரு துண்டை வெட்டி, நிமிஷத்துக்கு 128 அடி என்ற வேகத்தில் லூப் போட்டு ஓட விடுவது என்றால் அதற்கு நீ இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். உன் டிரம் மிஷினைத் தூக்கிக்கொண்டு இங்கே வா. பம்பைக்காரரும் நீயும் ஒரே இடத்தில் எதிரெதிரே உட்காருங்கள். அவர் போகிற போக்குக்கு உன் மிஷின் போகட்டும்.

இதை ரேடியோ செட் கட்டிப் பழகினவன் பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ அனுப்பிய பாட்டுகளைக் கேட்டபிறகுதான் எனக்கே இது தெளிவாயிற்று. முக்கியமாக அந்த 'டுமாரோ கம்ஸ் தி ஹார்வெஸ்ட்'. டெட்ராய்ட் டெக்னோக்காரர் ஜெஃப் மில்ஸும் நைஜீரியாவின் டிரம்மர் டோனி ஆலனும் சேர்ந்து 2018ல் ப்ளூ நோட் கம்பெனியில் வெளியிட்டது. முதலில் ஹெட்போனில் கேட்டேன். திருப்தியாக இல்லை. குடோனில் இரண்டு பாக்ஸை இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஷட்டரைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அப்புறம் பல ராத்திரி அதே வேலைதான். உன் சித்தி சாப்பாட்டைக் குடோனுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

டோனி ஆலனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1940ல் லாகோஸில் பிறந்தவர். வாத்தியார் வைத்துக் கற்கவில்லை. ரேடியோ நிலையத்தில் டெக்னீஷியன் வேலை பார்த்துக்கொண்டே தானாகக் கற்றார். ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் ஆகிய அமெரிக்க ஜாஸ் டிரம்மர்களின் தட்டுகளைக் கேட்டார். ஹை-ஹாட்டை எப்படிக் கையாள்வது என்று மேக்ஸ் ரோச் பத்திரிகையில் எழுதிய பாடத்தைப் படித்துப் பயிற்சி செய்தார். 1960களில் பாடகர் ஃபெலா குட்டியோடு சேர்ந்தார். ஃபெலாவின் 'ஆப்பிரிக்கா 70' குழுவுக்கு டிரம்மரும் இசைப் பொறுப்பாளரும் அவர்தான். 1979 வரை அங்கே இருந்தார். ஆஃப்ரோபீட் என்று உலகம் சொல்கிற தாளம் அவர் கைகாலில் இருந்து வந்தது. அவர் இல்லாவிட்டால் அது இல்லை என்று ஃபெலாவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த மனிதர் ஓங்கி அடிப்பதே இல்லை பாப்பா. இதை நீ கவனித்தாயா? நம் ஊரில் டிரம்ஸ் செட் என்றால் தோல் கிழிகிற மாதிரி அடித்தால்தான் வாசிப்பு என்று நினைக்கிறோம். அவர் மெதுவாக, பேசுகிற குரலில் வாசிக்கிறார். வலதுகை ஒரு கணக்கு, இடதுகை வேறு, இரண்டு காலும் தனித்தனி. மிதிக்கிற பெரிய டிரம், டெக்னோவில் வருவதுபோல் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று விழுவதில்லை. நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விடுகிறார், நினைக்காத இடத்தில் வைக்கிறார். ஆனால் வேகம் மட்டும் அசையாது.

ஜெஃப் மில்ஸ் கையில் இருப்பது ரோலண்ட் டிஆர்-909. 1983 முதல் 1985 வரை மட்டுமே செய்த பழைய டிரம் மிஷின். பதினாறு பட்டன், கொஞ்சம் குமிழ்கள், அவ்வளவுதான். அதை ஓட விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கலாம். அவர் அப்படிச் செய்வதில்லை. மேடைப் பதிவுகளைப் பார், விரல் பட்டனை விட்டு எடுப்பதே இல்லை. ஒன்றை நிறுத்துகிறார், ஒன்றைச் சேர்க்கிறார், ஆலன் என்ன செய்யப்போகிறார் என்று ஏறிட்டுப் பார்க்கிறார். எழுதி வைத்த பாட்டு கிடையாது, அங்கேயே உண்டாக்குகிறார்கள். பாரிஸில் நியூ மார்னிங் என்கிற ஜாஸ் அரங்கில் 2016ல் தொடங்கி, பல மேடைகளில் இப்படி வாசித்த பிறகுதான் தட்டு வந்தது. ஏரில் புதுக் காளையைப் பழகின மாட்டோடு பூட்டுவார்கள் அல்லவா, அந்த மாதிரி அந்த மிஷினை ஆலனோடு பூட்டியிருக்கிறார் மில்ஸ். என் காதுக்கு, அந்தத் தட்டில் மிஷின் எந்த இடத்திலும் ஆலனை முந்தவில்லை.

ஆலன் 2020 ஏப்ரல் 30ஆம் தேதி பாரிஸில் இறந்துபோனார். அதன்பிறகு நடந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குழுவை மில்ஸ் கலைக்கவில்லை. ஆலனுடன் வாசித்த கீபோர்டுக்காரர் ஜான்-ஃபி டாரியை வைத்துக்கொண்டு, தாளத்துக்கு யாரை அழைத்திருக்கிறார் தெரியுமா? பிரபு எதுவார். நம் புதுச்சேரியில் பிறந்தவர்! உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் போனால் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள். கொல்கத்தாவின் சங்கர் கோஷிடம் தபலா கற்று, பிரான்ஸில் இருந்துகொண்டு ஐரோப்பியப் பழைய இசை, ஜாஸ் என்று பலரோடும் வாசிப்பவர். இந்த மூன்று பேரும் சேர்ந்து 2023ல் 'எவல்யூஷன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். லாகோஸ்காரர் இருந்த இடத்தில் ஒரு பாண்டிச்சேரிக்காரர்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆலன் வாசித்ததை எதுவார் தபலாவில் திருப்பி வாசிக்கவில்லை. ஆலன் மாதிரி வாசிக்க ஒரு டிரம்மரைக் கூப்பிட்டிருக்கலாம், பாரிஸில் ஆளுக்கா பஞ்சம்? வேறு வாத்தியம் வந்ததும் குழுவின் சத்தமே மாறுகிறது. தபலாவின் இடதுபக்கத்தை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தினால் சுருதி வளைந்து மேலேறும், விட்டால் கீழிறங்கும். அந்தக் கீழ்ச்சத்தமும் மிஷினின் கிக் சத்தமும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்த எவனுக்கும் இந்தத் தொந்தரவு தெரியும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் இரண்டும் காதில் விழும். உன் பம்பைக்கும் இதே பிரச்சினைதான் வரும், கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று. டெக்னோவை வெள்ளைக்காரர்கள் இசை என்று உன் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். அது தவறு என்று அவர்களிடம் சொல். கார் தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற கறுப்பினப் பிள்ளைகள் 1980களில் உண்டாக்கினது அது. ஜாஸும் அதே மக்களுடையது. அவர்களுடைய முன்னோர்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிப்போன கதை உனக்குத் தெரியும். 1739ல் தென் கரோலினாவில் அடிமைகள் பறையடித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருஷமே அவர்கள் பறை வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். பறித்த பறைக்குப் பதிலாகக் கையைத் தட்டினார்கள், காலை உதைத்தார்கள், தாளத்தை விடவில்லை. அந்தப் பரம்பரையில் வந்த மில்ஸ் ஆப்பிரிக்கப் பறையின் பிள்ளையான ஆலனோடு வந்து உட்கார்ந்தது எனக்கு வெறும் கலப்பிசையாகத் தெரியவில்லை. கேட்கும்போது கண் கலங்கிற்று.

நம் பக்கத்துக் கதை மட்டும் என்ன? பறையும் பம்பையும் இல்லாமல் சாமி எழுந்திருக்காது, பிணம் எழுந்திருக்காது. ஆனால் வாசித்தவரைத் திண்ணையில் உட்கார விடாத ஊர்கள் நம்முடையவை. இன்றைக்கும் திருவிழாப் பத்திரிகையில் டிஜே பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் கீழே 'பம்பை, உடுக்கை உண்டு' என்று போடுகிறார்கள். யார் பம்பை என்று போடுவதில்லை. ஆகவே உன் பாட்டு வெளிவரும்போது அவர்கள் பெயர் உன் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். வருமானம் வந்தால் பங்கும் போக வேண்டும். இது என் நிபந்தனை.

எம்.ஐ.ஏ.வின் 'கலா' ஆல்பத்தை உதாரணம் காட்டியிருந்தாய். 2007ல் வந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் போன அந்தப் பெண் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களைத் திரட்டிப் பதிவு செய்து, 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகளில் போட்டார். அதே ஆல்பத்தில் நைஜீரியக் குடும்பத்துப் பையன் ஆஃப்ரிகன் பாயும் பாடியிருக்கிறான். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும். நம் சாவுக்கூத்துச் சத்தத்தைக் கொஞ்சமும் மழுப்பாமல் உலகத்துக்கு எடுத்துப்போன துணிச்சல் அது. அந்த மாதிரி ஒருவர் அதுவரை செய்யவில்லை. ஆனால் அங்கே உறுமி வெட்டுப்பட்டு, மிஷின் கணக்குக்குள் அடங்கித்தான் வருகிறது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்புகிற அந்த முனகல் ஏறி ஏறி எங்கே போய் நிற்கும் என்று காத்திருந்தேன், அதற்குள் துண்டு முடிந்துவிடுகிறது. வாசித்தவர்கள் யார் என்று இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதும் இல்லை. அதைவிட நீ ஒருபடி மேலே போகலாம் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதைவிடப் பழைய முன்மாதிரி ஒன்று நமக்கு இருக்கிறது. மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்க டிரம்மர் 1991ல் 'பிளானட் டிரம்' என்று ஒரு ஆல்பம் செய்தார். அதில் நம் கடம் விக்கு விநாயகராம் இருக்கிறார், ஜாகிர் உசேன் இருக்கிறார், நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சியும் சிக்கிரு அடெபோஜுவும் இருக்கிறார்கள். உலக இசைக்கென்று கிராமி விருது ஏற்படுத்தியபோது முதல் விருது அதற்குத்தான் போயிற்று. ஒலாதுஞ்சி யார் தெரியுமா? ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1967 ஏப்ரலில், நியூயார்க் ஹார்லெமில் வாசித்ததைப் பதிவு செய்தார்களே, அது ஒலாதுஞ்சி நடத்திய ஆப்பிரிக்கக் கலாச்சார மையத்தில்தான்.

அடெபோஜு வாசிப்பது பேசும் பறை. இடை சிறுத்த பறை, கயிற்றை அக்குளில் இடுக்கி அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். யோருபா மொழியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே வாசிப்பார்கள். கூவாகத்திலோ நம் அம்மன் கோயிலிலோ உடுக்கைக்காரர் நடுக்கயிற்றைப் பிடித்து அழுத்தி அழுத்தி வாசிப்பதை நீ சின்ன வயசில் என் தோளில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. அடெபோஜு வாசித்த ஒரு பதிவை நம் உடுக்கைக்காரர் ஒருவருக்குப் போனில் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் தடவை போடச் சொன்னார், மூன்றாம் தடவை கூடவே வாசித்தார். நீ வரும்போது அவரையும் வைத்துக்கொள்ளலாம்.

மிஷின் நமக்குப் புதிது என்றும் யாரும் சொல்ல முடியாது. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரையும் சீக்குவென்சரையும் பயன்படுத்தினார். நான் அப்போதுதான் செட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அன்றைக்குக் குழாய் ஸ்பீக்கர்தான், மரத்து மேலே ஏறிக் கட்டுவோம். அந்தக் குழாயில் கீழ்ச்சத்தம் வரவே வராது. பாட்டும் பேச்சும் ஊருக்கே கேட்கும், தாளத்தின் அடிவயிறு மட்டும் காணாமல் போயிருக்கும். 'ரோஜா', 'காதலன்' பாட்டெல்லாம் வந்தபிறகு ஜனங்கள் பாக்ஸ் கேட்க ஆரம்பித்தார்கள். கடன் வாங்கி முதல் ஜோடி பாக்ஸ் வாங்கினேன். 'முக்காலா' அதில் ஒலித்த அன்றைக்கு ஊர் முழுக்க அதற்கு முன்னால்தான் நின்றது.

இப்போது டிஜே வண்டி. ஊர்வலத்தில் முன்னால் பம்பைக்காரர் நடக்கிறார், பின்னால் லாரி நிறைய பாக்ஸ் வருகிறது. அவர் வாசிப்பது அவருக்கே கேட்பதில்லை. அந்த பாக்ஸில் சில என்னுடையவை என்பதால் மனசு இன்னும் சங்கடப்படுகிறது. மிஷின் பின்னால் வரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. முன்னால் நடப்பவரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

பம்பையை நீ துண்டாக வெட்டக்கூடாது என்று சொல்ல முக்கியக் காரணம் ஒன்று உண்டு. மரப்பம்பை ஒன்று, வெங்கலப் பம்பை ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பம்பைக்காரர் இடுப்பில் மாட்டியிருப்பார். சாமி அழைக்கும்போது தொடக்கத்தில் நடக்கிற வேகம்தான். பக்கத்தில் சிலம்பு, உடுக்கை, பாட்டு. அருள் வர வேண்டிய மருளாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். அந்த உடம்பு லேசாக அசைந்ததும் இவர் கொஞ்சம் ஏற்றுவார். அசைவு நின்றால் இவரும் இறக்கிக் காத்திருப்பார். மறுபடி ஏற்றுவார். எந்த இடத்தில் அருள் வரும் என்று யாருக்கும் தெரியாது, அவர் கை மட்டும் தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல்தான் பம்பை. அதில் எந்த இரண்டு அடியும் ஒரே வேகத்தில் இருக்காது. அதை 128ல் நிறுத்தினால் உனக்குத் தோல் சத்தமும் வெங்கலச் சத்தமும் கிடைக்கும், மற்றது போய்விடும். ஆலனோடு வாசிக்க மில்ஸுக்கு ஒரு வசதி இருந்தது, ஆலனின் வேகம் அசையாது. உனக்கு அந்த வசதி இல்லை. உன் வேலை அவர் வேலையைவிடக் கஷ்டம். டெம்போ குமிழில் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும், கண் பம்பைக்காரர் தோளில் இருக்க வேண்டும். முதல் ராத்திரி ஒன்றும் சரியாக வராது, வராவிட்டாலும் ரெக்கார்டை நிறுத்தாதே.

அப்புறம் அந்த ஜாஸ் பையன், சாக்ஸபோன் வாசிக்கிற உன் சிநேகிதன், அவனையும் கூட்டி வா. டோனி ஆலன் நம் ஆட்களோடு வாசித்ததும் உண்டு என்று அவனிடம் சொல். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் வந்த லண்டன் பாடகி சுசீலா ராமனின் 'லவ் ட்ராப்' ஆல்பத்தில், 2003ல், அவர் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். கேட்டுவிட்டு வரட்டும். இங்கே வந்ததும் உடனே வாசிக்க வேண்டாம். முதலில் தெருக்கூத்தில் முகவீணைக்காரர் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்காரட்டும். பாட்டுக்காரர் மூச்சு வாங்கும்போது அவர் எப்படி அந்த இடைவெளியை நிரப்புகிறார் என்று பார்த்துக்கொண்டால் அவனுக்கு வேலை சுலபம்.

இனி ஏற்பாடு. ஊருக்குள் வேண்டாம். சேலம் ரோட்டில் லாரிச் சத்தம் ராத்திரியெல்லாம் ஓயாது, எல்லா மைக்கிலும் ஏறிவிடும். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைப் பக்கம் நமக்கு வேண்டியவர் ஒருவருடைய களம் இருக்கிறது. கல்வராயன் மலை பின்னால் இருப்பதால் காற்று அவ்வளவாக இருக்காது. பக்கத்தில் வீடுகளும் இல்லை. என் ஜெனரேட்டரை நூறு அடி தள்ளிப் பள்ளத்தில் வைத்து வயர் இழுத்துவிடுகிறேன். மிஷினுக்கு நீ யூபிஎஸ் கொண்டு வா, ஜெனரேட்டர் கரண்டு ஏறி இறங்கும்.

மரப்பம்பைக்கு ஒரு மைக், வெங்கலத்துக்கு ஒரு மைக், தனித்தனியாக வை. சிலம்பை நாலு முழமாவது தள்ளி நிறுத்து, இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் அதுதான் கேட்கும். கீழ்ச்சத்தத்தைப் பற்றிச் சொன்னேனே: பம்பை கீழே இறங்கி வாசிக்கும்போது உன் கிக்கை எடுத்துவிடு. அவர் மேலே ஏறினதும் நீ கீழே போ. முதலில் பாக்ஸில் உன் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். ஹெட்போன் மாட்டச் சொல்லாதே, அவர் மாட்ட மாட்டார்.

சித்திரையில் அவர்களுக்கு ஒரு நாள்கூட ஓய்வு இருக்காது. கோயில் கோயிலாகப் போவார்கள். பங்குனி கடைசி வாரம் வந்தால் நிதானமாக உட்காருவார்கள். கூலியை அவர்கள் திருவிழாவுக்கு வாங்குவதற்குக் குறையாமல் பேசுகிறேன், முன்பணம் நான் கொடுத்துவிடுகிறேன், நீ அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள். எத்தனை பேர் வருகிறீர்கள், எந்தத் தேதி என்று இந்த வாரமே எழுது அல்லது போன் செய். உன் சித்தி அரிசி ஊறவைக்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உன் சித்தப்பா